ஓரமாகப் போனால் போதுமா?

மூன்று வாரங்களுக்கு முன், டியூஷன் முடிந்து திரும்பும் வழியில் என் தம்பி சைக்கிளோடு விழுந்தான். படிவம் மூன்று மாணவன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, தாடையில் நான்கு தையல். அவனுக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் எப்படியோ பிரேக் பிடித்து நிறுத்திவிட்டார். இறங்கி வந்து அவனைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எங்கள் வீட்டுக்குப் போன் செய்தவரும் அவர்தான். போனைப் பிடித்திருந்த அவருடைய கை நடுங்கியதாம். தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மருத்துவமனையில் அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஓரமா போ, ஓரமா போன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"ஓரமாத்தாம்மா போனேன்" என்றான் அவன்.

உண்மைதான். அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். "சாலை ஓரத்தை விட்டு நகராதே" என்பது நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாலையில் நடந்து போய்ப் பார்த்தேன். சாலையின் நடுப்பகுதி ஓரளவு நன்றாகவே இருந்தது. குழிகள் பெரும்பாலும் ஓரத்தில்தான். தார் உடைந்து பல்லுப்பல்லாக நிற்கும் விளிம்பு, அதை ஒட்டி மணல், உடைந்த கண்ணாடி, பாதி திறந்த வடிகால் மூடி. நான் அவனைப் போகச் சொன்ன இடம் அதுதான்.

ஓரம் மட்டும் ஏன் இப்படிக் கெடுகிறது? நான் சிவில் பொறியியல் படிக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை. மழைநீர் வழிந்து போக வசதியாகச் சாலையை நடுவில் சற்று மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் அமைப்பார்கள். கால்வாய் அடைத்துக்கொண்டால் நீர் ஓரத்திலேயே தேங்கும். தாரில் உள்ள வெடிப்பு வழியாக அது இறங்கி, அடியிலுள்ள கல் அடுக்கை இளக்கிவிடும். அதன்மேல் லோரியின் இடது சக்கரங்கள் ஏறி இறங்கும். ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது பொறியியலில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வெளிப்பக்கம் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத விளிம்பு முதலில் உடைகிறது. போதாக்குறைக்குத் தண்ணீர்க் குழாய்க்கும் கம்பி வடத்துக்கும் தோண்டுவதும் பெரும்பாலும் அதே ஓரத்தில்தான். தோண்டிய பின் போடும் ஒட்டு அடுத்த பெருமழை வரை தாங்கினால் அதிசயம்.

விழுந்தால் சிராய்ப்புதானே என்று நினைக்க வேண்டாம். குழியைவிட, அதைத் தவிர்க்க நாம் செய்யும் காரியம்தான் பெரிய ஆபத்து. ஓரத்தில் போகிறவனுக்குக் குழி தாமதமாகத் தெரிகிறது. இடப்பக்கம் கால்வாய். சட்டென்று வலப்பக்கம் வெட்டித் திருப்புகிறான். பின்னால் வருபவர் அதை எதிர்பார்ப்பதில்லை. தம்பியும் அப்படித்தான் வெட்டினான். அப்போது முன்சக்கரம் குழியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது.

ஆகவே நான் இப்போது அவனிடம் சொல்வது வேறு. தார் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, நேர்க்கோட்டில் ஓட்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு ஐந்தரை மீட்டர் போய்விடுவாய். எனவே கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது. குறைந்தது பதினைந்து மீட்டர் முன்னால் பார். குழி தெரிந்ததும் முதலில் பின்னால் திரும்பிப் பார், கை காட்டு, பிறகு மெதுவாக விலகு. பின்னால் வண்டி நெருங்கி வந்தால் விலகவே விலகாதே. வேகத்தைக் குறைத்து, முடிந்தால் ஓரத்தில் நின்று வழி விடு. நிற்கவும் நேரமில்லை என்றால் குழிக்குள்ளேயே இறங்கிவிடு. பெடல் இரண்டையும் சமமாக வைத்து, சீட்டிலிருந்து சற்று எழும்பி, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்திக்கொள். குழிக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக் இறுகிய முன்சக்கரம் குழியில் விழுந்தால் ஆளைத் தூக்கி முன்னால் எறியும். ரிம் வளைந்தால் வளையட்டும். ரிம் மாற்றிக்கொள்ளலாம்.

மழை விட்ட பிறகு தேங்கி நிற்கும் தண்ணீர் எதையும் ஆழமான குழி என்றே எண்ண வேண்டும். சக்கரத்தில் காற்று குறைவாக இருந்தால் குழியில் விழும்போது டியூப் ரிம்முக்கு அடியில் நசுங்கி, பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டை விழும். கல்லாக அடித்து வைத்தாலோ சக்கரம் துள்ளும். டயரின் பக்கத்தில் அளவு அச்சிட்டிருக்கிறது, அதற்குள் வைத்துக்கொண்டால் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மாணவர்களில் பலர் புத்தகப் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, தூறல் வந்தால் ஒரு கையில் குடையும் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். நானும் ஓட்டியிருக்கிறேன். நல்ல சாலையில் அது தப்பிவிடும். குண்டும் குழியுமான சாலையில் ஒரு கைக்கு வேலையே இல்லை. தலைக்கவசமும் பின்விளக்கும் பற்றி ஆசிரியர்கள் வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள்.

"உள்ளே தள்ளி ஓட்டினால் கார்க்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள்" என்கிறான் தம்பி. அடிக்கட்டும். ஹார்ன் அடிப்பவர் உன்னைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் இந்த யோசனைக்கும் எல்லை உண்டு. லோரிகள் வேகமாக விரையும் பெருஞ்சாலையில் ஒரு மீட்டர் உள்ளே போனாலும் பயன் இல்லை. அங்கே ஓட்டாமல், பத்து நிமிடம் கூடுதலானாலும் தாமான் வழியாகச் சுற்றிப் போவதுதான் சரி.

நம் நாட்டில் சைக்கிள் விபத்து என்றாலே பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் சேட்டைதான் நினைவுக்கு வருகிறது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் எட்டுப் பதின்ம வயதினர் பலியான துயரத்துக்குப் பிறகு, 'பாசிக்கால் லாஜாக்' என்ற சொல் எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. அந்தப் பேச்சு தேவைதான். ஆனால் ஒழுங்கான சைக்கிளில், ஒழுங்கான நேரத்தில், டியூஷனுக்குப் போய்வரும் பையனையும் அதே கண்ணோடு பார்ப்பது நியாயமா? 2020 டிசம்பரில் அப்போதைய அறிவியல் அமைச்சர் கைரி ஜமாலுடின் பந்திங் வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டியபோது குழியில் சிக்கி விழுந்தார். யாரும் அவரைச் சேட்டை செய்தவர் என்று சொல்லவில்லை. எல்லாரும் சாலையைத்தான் குறை சொன்னார்கள். அந்தக் குழியும் வெகு விரைவில் அடைக்கப்பட்டது. அமைச்சர் விழுந்தால்தான் தார் வருமா என்று அன்று மக்கள் கேட்டார்கள். என் தம்பி விழுந்த குழிக்கும் அதே கேள்விதான்.

அமைச்சர் விழும்வரை காத்திருக்காமல் புகார் செய்யலாம். அதற்கு முதலில் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராக்குக்கு 'ஏ', சிலாங்கூருக்கு 'பி', ஜொகூருக்கு 'ஜே'. இவ்விரண்டுக்கும் தீபகற்பத்தில் பெரும்பாலும் பொதுப்பணித் துறையிடம் சொல்ல வேண்டும். தாமானுக்குள் இருக்கும் சாலைகள் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. "எங்க ஊர்ல ரோடு மோசம்" என்று எழுதினால் அது அடுத்த மேசைக்குக்கூட நகராது. சாலை எண், அருகிலுள்ள கிலோமீட்டர் கல், குழிக்குப் பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து எடுத்த படம், தேதி ஆகிய நான்கும் இருந்தால் அதை ஒதுக்கி வைப்பது கடினம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் தம்பியும் அப்படிப் பதினொரு குழிகளைப் பதிவு செய்து அனுப்பினோம். அவன் ஒற்றைக் கையால் எழுதினான், நான் படம் எடுத்தேன். இதுவரை நான்கை அடைத்திருக்கிறார்கள். அவன் விழுந்த குழி அந்த நான்கில் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அதில் பழைய டயர் ஒன்றை நட்டு, சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை தம்பிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குள் இரண்டாவது புகார்க் கடிதத்தை அனுப்பிவிட வேண்டும் என்று நேற்றிரவு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.