மகளுக்கு முதல் எலெக்ட்ரிக் கிட்டார்... கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

கீபோர்டு கிளாஸோடு எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சிட்டிருக்கும் வீட்டில் ஒருநாள் அந்தக் கோரிக்கை வந்து விழும். 'எனக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வேணும்.' அம்மாவுக்கு உடனே பக்கத்து ஃப்ளாட் ஞாபகம் வரும். அப்பாவுக்கு கிரெடிட் கார்டு பில் ஞாபகம் வரும். தாத்தா மட்டும் நேரடியாகக் கேட்பார்: 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா அதெல்லாம்?'

தாத்தாவின் கேள்விக்கு உலகம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அந்தக் கதையில் இருந்தே ஆரம்பிப்போம்.

கிட்டாரைக் காப்பாற்றியது யார்?

2017-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் ஒரு பெரிய கட்டுரை போட்டது. எலெக்ட்ரிக் கிட்டார் மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் சாரம். பத்தாண்டுகளில் ஆண்டு விற்பனை சுமார் 15 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது என்றது அது. அடுத்த ஆண்டு மே மாதம், நூறாண்டு தாண்டிய கிப்சன் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. 'ஆமா, கிட்டார் காலம் முடிஞ்சுது' என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

ஆனால், அதே 2018-ல் ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எடுத்த ஆய்வு வேறு கதை சொன்னது. புதிதாகக் கிட்டார் வாங்குபவர்களில் பாதிப் பேர் பெண்கள். கிட்டார் விற்கும் நிறுவனமே எடுத்த கணக்கு என்பதைக் கவனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்தான். ஆனாலும், 2020 லாக்டௌனில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கிட்டார்களாக வாங்கித் தள்ளியபோது, அதுதான் தன் வரலாற்றிலேயே பெரிய விற்பனை ஆண்டு என்று அறிவித்தது 1946-ல் தொடங்கிய அதே ஃபெண்டர். சாகப்போகிறது என்று சொல்லப்பட்ட கருவி, மூன்றே வருடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. எழுப்பியவர்களில் உங்கள் மகளைப் போன்றவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

நம் ஊரிலும் காற்று மாறிக்கொண்டுதான் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் யமஹா தொடங்கிய இசைக்கருவி ஆலையில் 2019-லிருந்து கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் தயாராகின்றன. ட்ரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் கிரேடு தேர்வுகளை எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே எழுதலாம். பேஸ் கிட்டாரோடு ரஹ்மான் மேடைகளில் நின்ற மோகினி டேயைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அவருக்குச் சின்ன வயதிலேயே பேஸ் சொல்லிக்கொடுத்தது, அவரின் அப்பாதான்.

பயமுறுத்தும் அந்த 90 சதவிகிதம்

ஃபெண்டரின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி மூனி ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கிட்டார் கற்க ஆரம்பிப்பவர்களில் சுமார் 90 சதவிகிதம் பேர் முதல் ஆண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். 2017-ல் அந்த நிறுவனம் ஆன்லைன் பாடத் தளம் தொடங்கியதற்குப் பின்னால் இருந்ததும் இந்தக் கவலைதான்.

அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த பிராண்டு பெஸ்ட்?' என்பது இல்லை. 'என் மகள் அந்த மீதி 10 சதவிகிதத்தில் இருக்க நான் என்ன செய்யணும்?' என்பதுதான். குழந்தைக்கு ஆர்வம் இல்லை என்று நாம் தீர்ப்பு எழுதும் பல இடங்களில் உண்மையான வில்லன், சரியாக செட் ஆகாத கிட்டாரும் கேட்கச் சகிக்காத ஆம்ப்பும்தான். இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

'முதல்ல அக்கூஸ்டிக், அப்புறம் எலெக்ட்ரிக்' - இது கட்டாயமா?

இல்லை. இது பலரும் சொல்லும் அறிவுரைதான். ஆனால், விரல்கள் வேறு சொல்கின்றன. ஸ்டீல் அக்கூஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் மெல்லிய கம்பியின் தடிமன் 0.012 இன்ச். எலெக்ட்ரிக்கில் 0.009 இன்ச். கடையில் 'ஒன்பது செட்' என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். கம்பி மெல்லியதாக, கழுத்துக்கு நெருக்கமாக இருப்பதால் விரல் நுனி வலி குறைவு. 12 வயதுக் கைக்கு இது பெரிய வித்தியாசம். அவள் கேட்பது எலெக்ட்ரிக் என்றால் எலெக்ட்ரிக்கே வாங்கிக் கொடுங்கள். டிஸ்டார்ஷன் சத்தத்துக்காக ஆசைப்பட்ட பிள்ளையிடம் அக்கூஸ்டிக்கைக் கொடுத்து 'இதுல பாஸ் ஆனா அதை வாங்கித் தர்றேன்' என்பது, சைக்கிள் கேட்டவளிடம் ஸ்கிப்பிங் கயிறு கொடுப்பது மாதிரி.

கிட்டாரில் பார்க்க வேண்டியவை

முதலில் அளவு. கம்பியின் அதிரும் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் அது 25.5 இன்ச், கிப்சன் லெஸ் பால் வகையில் 24.75 இன்ச். 12 வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் முழு அளவையே சமாளித்துவிடுவார்கள். கை சின்னதாக இருந்தால் 24 இன்ச் கிட்டார்கள் இருக்கின்றன. இன்னும் சின்னக் குழந்தைக்கு, 22.75 இன்ச் ஸ்கொயர் மினி ஸ்ட்ராட், 22.2 இன்ச் ஐபனெஸ் மைக்ரோ போன்றவை உண்டு. 'வளர்ந்தா சரியாயிடும்' என்று யூனிஃபார்ம் வாங்குவதுபோல வாங்க வேண்டாம். இன்றைக்குக் கை எட்டவில்லை என்றால், கை வளரும்போது ஆசை இருக்காது.

அடுத்து எடை. லெஸ் பால் வகை 4 கிலோவைச் சுலபமாகத் தொடும். ஏற்கெனவே ஸ்கூல் பேக் தூக்கும் தோள் அது. உட்கார்ந்தும் நின்றும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது பிக்கப். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்தான் இது. ஒற்றைச் சுருள் என்றால் தெளிவான, பளிச்சென்ற சத்தம், கூடவே கொஞ்சம் இரைச்சல். இரட்டைச் சுருளான ஹம்பக்கர் தடித்த சத்தம் தரும், இரைச்சலையும் அடக்கும். அவளுடைய ரசனை எந்தப் பக்கம் போகும் என்று இன்றைக்கு அவளுக்கே தெரியாது. அதனால் இரண்டும் கலந்த 'எச்எஸ்எஸ்' அமைப்பு பாதுகாப்பான தேர்வு. யமஹா பசிஃபிகா 012, 112 மாடல்கள் இந்த ரகம்தான்.

நான்காவது பிரிட்ஜ். ஃப்ளாய்ட் ரோஸ் எனப்படும் மிதக்கும் பிரிட்ஜ் இருக்கும் கிட்டார் முதல் முறைக்கு வேண்டவே வேண்டாம். ஒரு கம்பி மாற்றினால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். டியூன் செய்வதிலேயே சனிக்கிழமை முடிந்துவிடும்.

கடையில் ஒரு 5 நிமிட செக்கிங்: ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி வாசிக்கச் சொல்லுங்கள், எங்காவது 'ஜ்ஜ்' என்று இழுக்கிறதா? கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், கம்பிக்கட்டை முனைகள் குத்துகின்றனவா? பட்டன்களைத் திருகும்போது கரகரக்கிறதா? 12-வது கட்டத்தில் கம்பி சுமார் 2 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றால் செட்அப் தேவை. விலை குறைந்த கிட்டார் நல்ல செட்அப்போடு இருந்தால், செட்அப் இல்லாத விலை உயர்ந்த கிட்டாரைவிட வாசிக்க சுகமாக இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் இந்தச் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள்.

ஆம்ப்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் பாதி இசைக்கருவி, ஆம்ப்தான். 'கிட்டார் வாங்கியாச்சு, வீட்டுல இருக்குற ப்ளூடூத் ஸ்பீக்கர்ல மாட்டிக்கலாம்' என்று நினைத்தால் மெல்லிய, உயிரில்லாத சத்தம்தான் கிடைக்கும். கிட்டாரின் சிக்னலும் ஆம்ப்பின் ஸ்பீக்கரும் ஒருவருக்கொருவர் பழகியவர்கள்.

அதற்காக 100 வாட்ஸுக்குத் தாவவும் வேண்டாம். வாட்ஸ் பத்து மடங்கானால்தான் காதுக்கு சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். படுக்கையறைக்கு 10 முதல் 25 வாட்ஸ் தாராளம். வாட்ஸைவிட முக்கியமானது குறைந்த வால்யூமிலும் நல்ல சத்தம் வருகிறதா என்பது. ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 மாதிரியான மாடலிங் ஆம்ப்களில் பலவித ஆம்ப் சத்தங்கள் உள்ளேயே இருக்கும். வால்வ் ஆம்ப் ஆசையை, அவள் சொந்தக் காசில் வாங்கும் காலத்துக்கு விட்டுவிடலாம்.

கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஹெட்போன் துளை. நம் சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி வரம்பு 45 டெசிபல். டியூஷன், ஹோம்வொர்க் எல்லாம் முடிந்து பிள்ளைக்கு நேரம் கிடைப்பதே ராத்திரியில்தான். இரண்டு, போனில் பாட்டு போட்டு கூடவே வாசிக்க ஆக்ஸ் அல்லது ப்ளூடூத் வசதி. ஹெட்போன் மட்டும் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போனில், கம்பியை மீட்டிய பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் சத்தம் வரும். தாளமே தப்பும்.

இடம் ரொம்பக் கம்மியா? கிட்டாரிலேயே செருகிக்கொள்ளும் குட்டி ஹெட்போன் ஆம்ப்கள் இருக்கின்றன. வாக்ஸ் ஆம்ப்ளக், ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ இந்த ரகம்.

இரண்டு எச்சரிக்கைகள். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா ஆம்ப் வாங்கிவருகிறார் என்றால், பின்பக்கம் என்ன வோல்டேஜ் போட்டிருக்கிறது என்று முதலில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே செருகினால் ஆம்ப் போய்விடும். அடுத்து, வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். கிட்டார் கம்பிகள் வயர் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் சரியில்லை என்றால் இரைச்சல் வரும், விரலில் சுரீரென்று ஷாக்கும் அடிக்கலாம். இதில் மட்டும் 'பார்த்துக்கலாம்' கூடாது.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் கிட்டாரில் கொட்டாதீர்கள். சுமார் 15,000 கிட்டாருக்கு, 7,000 ஆம்ப்புக்கு, மீதி வயர், பெல்ட், பிக், ஸ்டாண்டு, ஒரு செட் உபரி கம்பி, செட்அப் கூலி. டியூனருக்குத் தனிச் செலவு வேண்டாம், போனில் இலவச ஆப் போதும். பட்ஜெட் பாதிதான் என்றால் செகண்ட் ஹேண்ட் பாருங்கள். 90 சதவிகிதம் பேர் விட்டுவிடுகிறார்கள் என்றால், அவர்கள் வீட்டு கிட்டார்கள் எங்கேயோ தூசி படிந்துதானே கிடக்கும்? வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் யார் பேச வேண்டும்?

மகளோடு கடைக்குப் போனால் விற்பனையாளர் பெரும்பாலும் அப்பாவைப் பார்த்துத்தான் பேசுவார். 'பாப்பாவுக்கு இந்த பிங்க் கலர் நல்லாருக்கும் சார்' என்பார். அவளுக்குப் பிங்க் பிடித்தால் தப்பில்லை. ஆனால் 'அவங்ககிட்டயே கேளுங்க' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடமே கிட்டார் அவளுடையதாகிவிடும். சுற்றிலும் பையன்கள் வேகமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், மூன்று கார்டு மட்டும் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கிட்டாரை மடியில் வைக்கவே கூச்சமாக இருக்கும். கூட்டம் குறைந்த வேலைநாள் காலையில் கூட்டிப்போங்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 2013-ல் ஸ்ரீநகரில், பத்தாம் வகுப்பு படித்த மூன்று பெண்கள் 'பிரகாஷ்' என்ற ராக் குழுவைக் கலைக்க நேர்ந்தது. இணையத்தில் வசவுகள், மேலே ஒரு மதத் தலைவரின் கண்டனம். நம் வீடுகளில் அவ்வளவு கடுமை கிடையாது. நமக்குத் தெரிந்தது இதன் மென்மையான வடிவம்தான்: 'சத்தம் போடாத', 'டென்த் வருது, எடுத்து வை', 'கல்யாணத்துக்கு அப்புறம் வாசிப்பியா?' மற்ற விஷயங்களில் அடக்கமாக இரு என்று சொல்லியே வளர்க்கப்படும் ஒரு பெண்ணுக்கு, சத்தம் எழுப்புவதற்கென்றே இருக்கும் ஒரு கருவியைக் கொடுக்கிறீர்கள். அவள் திக்கித் திணறி வாசிக்கும் முதல் மூன்று மாதங்களில் வீடு என்ன சொல்கிறது என்பதில்தான் அந்த 10 சதவிகிதம் தீர்மானமாகிறது.

வாங்கி வந்த பிறகு ஒன்றே ஒன்று செய்யுங்கள். கிட்டாரை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றாதீர்கள். ஹாலிலோ அவள் அறையிலோ ஸ்டாண்டில், கை எட்டும் இடத்தில் நிற்கட்டும். தினமும் ஒரு மணி நேரம் என்று டைம்டேபிள் போட வேண்டாம். போகிற வருகிற வழியில் எடுத்து 10 நிமிடம் வாசிக்கட்டும். 'எங்க, அங்கிளுக்கு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு' மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இதைப் படிப்பது நீங்கள், அதாவது கிட்டார் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மகளே என்றால்... லிங்க்கை அப்பாவுக்கு அனுப்பிவிடுங்கள். தாத்தாவுக்கும்!