மேனுவலில் தவறா? நீங்களே திருத்தலாமே!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தையோ ஹெல்ப் பக்கத்தையோ எதிரில் வைத்துக் கொண்டு, அதில் சொன்னபடி ஒவ்வொரு ஸ்டெப்பாகச் செய்து கொண்டு வருவார்கள். ஐந்தாவது ஸ்டெப்பில் சொல்லியிருக்கும் மெனு திரையில் இருக்காது. இரண்டு முறை தேடுவார்கள். பிறகு, "நமக்கு இதெல்லாம் வராதுங்க" என்று மவுஸைத் தள்ளி வைத்து விடுவார்கள். தவறு புத்தகத்தில் இருக்கலாம் என்ற சந்தேகமே அவர்களுக்கு வருவதில்லை. அச்சில் வந்து விட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை.

ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கையை நீங்கள் விட்டு விட வேண்டும். அது மட்டுமல்ல, அந்த மேனுவல்களில் இருக்கும் சிறு தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்த, புரோகிராம் எழுதத் தெரிந்தவரை விட, போன மாதம் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்கள்தான் பொருத்தமானவர் என்பது என் கருத்து.

ஓப்பன் சோர்ஸ் என்றால் சாப்ட்வேரின் மூலக் குறியீட்டை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி பிளேயர், படங்களைத் திருத்தும் ஜிம்ப் எல்லாம் இந்த வகைதான். இவற்றின் மேனுவல்களும் அப்படித்தான் திறந்து கிடக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. மேனுவல்களுக்கு என்றே குனு அமைப்பினர் 2000-ம் ஆண்டில் ஒரு தனி லைசென்ஸ் வெளியிட்டார்கள். புரோகிராமைத் திருத்தும் உரிமை கொடுத்து விட்டு, அதன் விளக்கப் புத்தகத்தைத் திருத்த உரிமை கொடுக்காவிட்டால் என்ன பயன்?

சிறு தவறு என்ன செய்து விடும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில்வே ஜங்ஷனுக்கும் அடுத்தபடி பீங்கான்தான். நண்பர் கொலு பொம்மை செய்யும் சிறிய யூனிட் வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, நவராத்திரிக்கு முன் பொம்மைகளின் படங்களை வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்ப நினைத்தார். விலை இல்லாத சாப்ட்வேர் என்பதால் ஜிம்ப் இன்ஸ்டால் செய்தார். தமிழில் ஒரு பழைய கையேடும் கிடைத்தது. படத்தை வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டி, எல்லாம் நன்றாகவே செய்து விட்டார். கடைசி ஸ்டெப்தான் மிச்சம். "பைல் மெனுவில் சேவ் ஆஸ் கிளிக் செய்து, பைல் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஜேபிஜி என்று டைப் செய்து என்டர் தட்டவும்" என்று கையேட்டில் இருந்தது. தட்டினார். ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ஓகே கொடுத்தார். பைல் சேவ் ஆகவில்லை. மறுபடி தட்டினார். மறுபடி அதே செய்தி.

நடந்தது இதுதான். 2012 மே மாதம் வெளியான ஜிம்ப் 2.8 பதிப்பில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதன் பிறகு சேவ், சேவ் ஆஸ் இரண்டும் ஜிம்பின் சொந்த பார்மட்டான எக்ஸ்சிஎப்பில் மட்டுமே பைலைப் பதியும். ஜேபெக், பிஎன்ஜி போன்றவை வேண்டும் என்றால் அதே பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் என்பதற்குப் போக வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலும் இப்படித்தான். அந்த ஆங்கிலச் செய்தியும் இதைத்தான் சொன்னது. கையேடு எழுதப்பட்ட காலத்தில் அதில் இருந்தது சரி. பிறகு சாப்ட்வேர் மாறி விட்டது, கையேடு மாறவில்லை. "சேவ் ஆஸ்" என்ற இடத்தில் "எக்ஸ்போர்ட் ஆஸ்" என்று போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

நண்பர் அன்று என்னைக் கேட்கவில்லை. ஜிம்ப் கெட்டுப் போன சாப்ட்வேர் என்று முடிவு செய்து, தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்து, வேறொரு கம்பெனியின் விலை உயர்ந்த சாப்ட்வேரைத் திருட்டுக் காப்பியாகப் போட்டுக் கொண்டார். "ஓசியில் கிடைப்பது அவ்வளவுதான் சார்" என்று இன்றும் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

அவருக்குப் பின்னால் நான் அந்தக் கையேட்டைப் படித்தவர்கள் சிலரிடம் கேட்டேன். சேவ் ஆகாததை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். மெனுவில் துழாவி எக்ஸ்போர்ட்டைக் கண்டுபிடித்து வேலையை முடித்துக் கொண்டார்களே தவிர, கையேட்டை எழுதியவருக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை நண்பரின் தொழிலை வைத்தே சொல்லலாம். பொம்மை செய்ய மண் கரைசலை பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உள்பக்கம் மண் ஓடு போலப் பிடித்துக் கொள்ளும். மீதிக் கரைசலைக் கவிழ்த்து விட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை தயார். அச்சில் ஒரு கீறல் விழுந்திருந்தால் அதில் வரும் ஒவ்வொரு பொம்மையின் கன்னத்திலும் அதே தழும்பு இருக்கும். ஒவ்வொரு பொம்மையையும் கத்தியால் சுரண்டிக் கொண்டிருக்கலாம்; அல்லது அச்சைச் சரி செய்யலாம். பொம்மை விஷயத்தில் எங்கள் ஊரில் யாரும் இதை யோசிக்கவே மாட்டார்கள், அச்சைத்தான் சரி செய்வார்கள். மேனுவல் விஷயத்தில் மட்டும் ஆளாளுக்குச் சுரண்டிக் கொண்டிருக்கிறோம்.

நிபுணர்கள் ஏன் இதைத் திருத்துவதில்லை? அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. பத்து வருடமாக ஒரு சாப்ட்வேரைப் பயன்படுத்துபவர் மேனுவலில் ஒவ்வொரு வரியையும் படித்து அப்படியே செய்து பார்ப்பதில்லை. "சேவ்" என்று படித்தாலும் அவர் கை தானாக எக்ஸ்போர்ட்டுக்குப் போய் விடும். எழுத்துக்கு எழுத்து நம்பிச் செய்பவர் புதியவர்தான். ஆகவே தவறு தட்டுப்படுவதும் அவருக்குத்தான். இன்னும் ஆறு மாதம் போனால் உங்களுக்கும் அது தெரியாமல் போய் விடும்.

இன்னொரு வகைத் தவறு உண்டு. லினக்ஸில் கட்டளைகள் கொடுக்கும்போது சில இடங்களில் இரண்டு ஹைபன்களை ஒட்டி டைப் செய்ய வேண்டும். மேனுவல் எழுதுபவர் அதைச் சரியாகத்தான் டைப் செய்திருப்பார். ஆனால் வேர்ட் பிராசசரில் உள்ள ஆட்டோ கரெக்ட் வசதி, அழகுபடுத்துவதாக நினைத்துக் கொண்டு, அந்த இரண்டையும் சேர்த்து ஒரே நீண்ட கோடாக மாற்றி விடும். நேரான மேற்கோள் குறிகளையும் வளைத்து விடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதைக் காப்பி செய்து பேஸ்ட் செய்தால் கம்ப்யூட்டர் ஏற்றுக் கொள்ளாது. அனுபவசாலி கையால் டைப் செய்வார், அவருக்குப் பிரச்னை இல்லை. மாட்டிக் கொள்வது நீங்கள். ஒரு கட்டளை எவ்வளவு முயன்றும் வேலை செய்யவில்லை என்றால் ஹைபன்களையும் மேற்கோள் குறிகளையும் அழித்து விட்டுக் கையால் டைப் செய்து பாருங்கள். சரியாகி விட்டால், தெரிவிக்க வேண்டிய தவறு ஒன்று உங்களுக்குக் கிடைத்து விட்டது.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் கவனிக்கும் விஷயமா என்று தயங்க வேண்டாம். டெக் என்ற அச்சுக்கோப்பு சாப்ட்வேரை உருவாக்கிய டொனால்ட் நூத், உலகின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளில் ஒருவர். தன் புத்தகங்களில் ஒரு எழுத்துப் பிழையை முதலில் சுட்டிக் காட்டுபவருக்கும் 2.56 டாலர் தருவது அவர் வழக்கம். ஏன் 2.56? 256 சென்ட் என்பது பதினாறின் அடிப்படையில் எண்ணினால் ஒரு டாலர் என்பார். காசோலை பெற்றவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் பிரேம் போட்டு மாட்டி விட்டார்கள். (அவருக்கும் அதனால் செலவு மிச்சம்!) காசோலை மோசடிகள் நடந்ததால் 2008-ல் நிஜக் காசோலையை நிறுத்தி விட்டு, கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் அனுப்ப ஆரம்பித்தார்.

தமிழில் இந்த வேலைக்குத் தேவை இன்னும் அதிகம். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். பக்கத்தில் வைத்துப் படிக்கத் தமிழில் நல்ல கையேடு இருந்திருந்தால் கதை கொஞ்சம் மாறியிருக்கும். 2012 ஜனவரியில் ஓப்பன் சோர்ஸுக்காகவே கணியம் என்ற தமிழ் மின்னிதழ் தொடங்கியது. அதில் எளிய தமிழில் என்ற வரிசையில் மைஎஸ்கியூஎல் போன்றவற்றைப் பற்றி து. நித்யா எழுதியவை மின்னூல்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. இவை யாரும் பகிரவும் மாற்றவும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் வருபவை. தன் சொந்த நேரத்தில் எழுதுபவர்கள் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் பழைய புத்தகத்தைத் திரும்பப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அதைப் படிப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல், சொற்கள். ஒரே கட்டளைக்கு மெனுவில் "தொகு" என்று இருக்கும், கையேட்டில் "திருத்து" என்று இருக்கும். இரண்டும் நல்ல தமிழ்தான். எது சிறந்தது என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். திரையில் என்ன சொல் இருக்கிறதோ அதுவே கையேட்டிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, அதைக் கேட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் இந்த மேனுவல்களைப் படித்துத்தான் பதில் சொல்கிறது. பழைய தவறு அதன் வாயிலிருந்து இன்னும் தன்னம்பிக்கையோடு வரலாம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் அக்டோபரில் ஹேக்டோபர்பெஸ்ட் என்ற நிகழ்ச்சியை நடத்துகிறது. 2020-ல் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். டி-ஷர்ட்டுக்காகப் பலர், நம் நாட்டு மாணவர்கள் உட்பட, நன்றாக இருந்த மேனுவல்களில் தேவையில்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பினார்கள். சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பவர்கள் குப்பையைக் கூட்டவே நேரம் போதாமல் திணறினார்கள். கடைசியில், விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்டுகளுக்கு மட்டுமே நிகழ்ச்சி என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. இதைக் காட்டி, சிறு திருத்தங்களே தொல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். ஒருவர் உண்மையிலேயே முட்டிக் கொண்ட இடத்தைச் சொல்வது வேறு, பெயர் வருவதற்காக எதையாவது மாற்றுவது வேறு. உங்களுக்கு நேர்ந்த தடங்கலை மட்டும் எழுதினால் அந்தப் பழி உங்கள் மேல் வராது.

சரி, எப்படி அனுப்புவது? முதலில் ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதை கிளிக் செய்து உங்கள் சாப்ட்வேரின் பதிப்பு எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். மேனுவல் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்றும் பாருங்கள். அது உங்கள் பதிப்பை விடப் பழையது என்றால், புதிய மேனுவல் வந்திருக்கிறதா, அதில் ஏற்கனவே திருத்தி விட்டார்களா என்று தேடுங்கள். பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்து விடும். தீரவில்லை என்றால், கம்ப்யூட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, அதே ஸ்டெப்பை மீண்டும் செய்து பாருங்கள்.

பிறகு எழுத வேண்டியது நான்கே விஷயம்: எந்தப் பக்கம் அல்லது தலைப்பு, அங்கே என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், உங்கள் பதிப்பு எண் என்ன. "உங்கள் கையேடு சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கடிதத்தில் ஒரு தவறு போதும். ஆங்கிலம் சரியாக வராதே என்று கவலைப்பட வேண்டாம். மெனு பெயர்களை அப்படியே எழுதினால் ஜப்பானில் இருப்பவருக்கும் புரியும்.

பயர்பாக்ஸின் உதவிக் கட்டுரைகளை, ஒரு கணக்கு தொடங்கிக் கொண்டால் நீங்களே எடிட் செய்யலாம். பொறுப்பாளர் ஒருவர் சரிபார்த்த பிறகு வெளியாகும். லிப்ரே ஆபீஸுக்குப் பக்ஸில்லா என்ற பிழைப் பதிவேடு இருக்கிறது. அதில் டாகுமெண்டேஷன் என்று தனிப் பிரிவே உண்டு. கிட்ஹப்பில் உள்ள மேனுவல் என்றால் பென்சில் படத்தை கிளிக் செய்து எழுத்தைத் திருத்தி, பொறுப்பாளரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். இதற்கு புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. தமிழ் மின்னூல் என்றால் பெரும்பாலும் முன்பக்கத்திலேயே ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும்.

உடனே பதில் வராது. வாரங்கள் ஆகலாம். சில சமயம் "இது தவறு இல்லை" என்று பதில் வரும், காரணத்தையும் சொல்வார்கள். அதிலும் நமக்கு லாபம்தான். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், எங்கள் ஊரிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் விழுப்புரம். அங்கே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுத் தருகிறது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இது போன்ற குழுக்கள் உண்டு. எங்கள் ஊர் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு தமிழ்க் கையேட்டை எடுத்துக் கொண்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வரி வரியாகச் செய்து பார்த்தால் ஒரு செமஸ்டருக்குள் பத்துக் கையேடுகள் சரியாகி விடும். ஜிம்ப் கையேட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த ஆண்டு கொலுவுக்குப் படம் அனுப்ப வேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.