மனக்காயத்துக்கு வரி வேண்டாம்

அமெரிக்காவில் சாலை விபத்தில் கால் முறிந்தவருக்குக் கிடைக்கும் இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. அந்த முறிவால் அவர் பட்ட மன வேதனைக்குத் தரப்படும் தொகைக்கும் கிடையாது. ஆனால், மேலதிகாரியின் பாலியல் தொல்லையால் நிலைகுலைந்துபோன ஒரு பெண் வழக்குத் தொடுத்து, நிறுவனத்துடன் சமரசத்துக்கு வந்து இழப்பீடு பெற்றால், அந்தப் பணம் அவருடைய வருமானமாகவே கணக்கிடப்படுகிறது. உடம்பில் அடிபட்டவருக்கு ஒரு நீதி, உள்ளம் நொந்தவருக்கு வேறொரு நீதி என்னும் இந்தப் பாகுபாட்டை அமெரிக்க நாடாளுமன்றம் நீக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்க்கும் காலத்தில், இது நமக்குத் தொடர்பில்லாத சட்டமும் அல்ல.

இந்தப் பிரிவினை 1996இல் வந்தது. அதுவரை தனிமனிதருக்கு ஏற்பட்ட காயம் என்று பொதுவாக இருந்த வரிவிலக்கை, உடல் காயத்துக்கு மட்டும் என்று அந்த ஆண்டில் குறுக்கினார்கள். மன உளைச்சல் உடல் காயம் ஆகாது என்றும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அத்துடன் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையின் அடிக்குறிப்பு ஒன்று, தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு ஆகியவற்றையும் மன உளைச்சலின் அறிகுறிகளாகவே ஒதுக்கிவிடுகிறது. தொல்லைக்கு ஆளான பெண்களின் உடம்பு காட்டும் அறிகுறிகள் பெரும்பாலும் இவைதாம். 2000ஆம் ஆண்டில் ஐ.ஆர்.எஸ். எனப்படும் வரித் துறை, முதலாளியின் தொல்லைக்கு ஆளான ஒரு பெண்ணின் விஷயத்தில் அளித்த விளக்கம் இன்னும் வேதனையானது. கன்றிப்போதல், வெட்டு, வீக்கம், ரத்தக் கசிவு போல் கண்ணுக்குத் தெரியும் தீங்கு இருந்தால் விலக்கு உண்டு. விருப்பமின்றித் தொட்டிருந்தாலும் தழும்பில்லை என்றால் இல்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் மன அதிர்ச்சியையும் வேதனையையும்தான் முதலில் வைக்கிறது. நடைமுறையில் நம் சட்டத்துக்குக் குறைகள் ஏராளம் என்றாலும், அந்த வரிசை சரியானது.

கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மன உளைச்சலுக்காக ஒரு லட்சம் டாலருக்குச் சமரசம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கறிஞர் கட்டணம் 40,000 போக, கைக்கு வருவது 60,000. ஆனால், வரித் துறைக்குப் போகும் 1099 படிவத்தில் முழு ஒரு லட்சமும் அவர் பெயரில்தான் பதிவாகும். கட்டணத்தை அவரே கழித்துக் காட்ட வேண்டும். எஞ்சிய 60,000, அந்த ஆண்டுச் சம்பளத்தின் மேல் வந்து ஏறும். 22 சதவீத விகிதத்தில் மத்திய அரசின் வரி மட்டும் 13,200. பல மாநிலங்கள் தனியாகவும் வாங்கும். சம்பளத்தைப் போல் முன்கூட்டிப் பிடித்தமும் இல்லாததால், வந்த பணத்தைக் கடன் அடைக்கச் செலவழித்தவர் அடுத்த ஏப்ரலில் திண்டாடுவார். போதாக்குறைக்கு, மத்தியச் சட்டப்படி மன வேதனைக்கும் தண்டனைத் தொகைக்கும் சேர்த்து நீதிமன்றம் வழங்கக்கூடிய தொகைக்கு 1991இல் வைத்த உச்சவரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது: 500 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரு நிறுவனமானாலும் 3 லட்சம் டாலர்தான். இந்தக் காலத்தில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

மனம் வைத்தால் நாடாளுமன்றத்தால் இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. முன்பெல்லாம் வழக்கறிஞருக்குப் போன பணத்துக்கும் வழக்காடியவரே வரி கட்ட நேர்ந்தது. இல்லினாய் மாநிலத்தில் பெண் காவலர் ஒருவருக்கு ஜூரி வழங்கிய 30 லட்சம் டாலர் 3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. கட்டணமோ ஏறத்தாழ 10 லட்சம். இரண்டுக்கும் சேர்த்து வந்த வரி, அவருக்குக் கிடைத்த 3 லட்சத்தையும் தாண்டியது. வழக்கில் வென்றவர் கடனாளியாகும் இந்த அவலம் ஊரறிந்த பிறகே, 2004இல் பாகுபாடு, பணியிடத் தொல்லை வழக்குகளில் கட்டணத்தை முழுவதும் கழித்துக்கொள்ளச் சட்டம் வந்தது. பாதி வேலை அன்றே முடிந்துவிட்டது. மீதிப் பாதிதான் இத்தனை ஆண்டுகளாகக் கிடப்பில் கிடக்கிறது.

வரிவிலக்கு தந்தால், இழந்த சம்பளத்தையும் மன உளைச்சல் என்றே எழுதி ஏய்ப்பார்கள் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அந்தச் சபலம் இன்றைக்கும் இருக்கிறது. சம்பள நிலுவைக்கு மட்டும்தான் சமூகப் பாதுகாப்பு வரியும் பிடிக்கப்படுகிறது என்பதால், அதைக் குறைத்துக் காட்டும் ஆசை இரு தரப்புக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதிய பிரிப்பு உண்மைக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கும் அதிகாரம் வரித் துறையிடமே இருக்கிறது. சம்பள நிலுவைக்கும் தண்டனைத் தொகைக்கும் வரி தொடரட்டும். அவை நியாயமாகவே வருமானம்தான். நிறுவனம் இந்தத் தொகையைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்கிறது, ஆகவே வாங்குபவராவது வரி கட்ட வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. உடல் காயத்துக்குத் தரும் இழப்பீட்டையும் நிறுவனங்கள் அப்படித்தான் கழிக்கின்றன. அங்கே வாங்குபவரிடம் யாரும் வரி கேட்பதில்லை. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கப்பட்ட ஓர் ஊழியரின் வழக்கில், இந்த வரி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2006இல் சொன்ன வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மறு ஆண்டே தீர்ப்பை மாற்றிக்கொண்டது உண்மை. ஆனால், வரி விதிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பு. விதித்தே ஆக வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. பறிபோன நிம்மதிக்கு ஈடாக வரும் பணத்தை லாபம் என்று எண்ணுவது நம் மனசாட்சிக்கு ஒவ்வாதது.

2017ஆம் ஆண்டு வரிச் சட்டம், விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு செய்யப்படும் பாலியல் தொல்லைச் சமரசத் தொகையை நிறுவனங்கள் செலவாகக் கழிக்க முடியாதபடி செய்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அது நிறுவனத்தின் கையை மட்டுமே கட்டியது. பாதிக்கப்பட்டவரின் வரிச்சுமையில் ஒரு டாலரையும் குறைக்கவில்லை. அந்தச் சுமை நீங்கும்வரை, எந்தத் தொகை எதற்கு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் பிரித்து எழுதச் சொல்வது வழக்கறிஞர்களின் கடமை. மனநல சிகிச்சைக்கு ஆன செலவை ஈடுகட்டும் தொகைக்கு இன்றைய சட்டத்திலேயே விலக்கு உண்டு. அந்த ரசீதுகளைச் சேர்த்துவைக்கும்படி முதல் சந்திப்பிலேயே அவர்கள் சொல்ல வேண்டும்.