சிப்பியில் ஏறினால் என்ன?

சென்ற கோடையில் நம் வாலிபர் ஐக்கியத்தோடு சஃபோக்கிலுள்ள ஓல்ட்பரோ கடற்கரைக்குப் போயிருந்தோம். ஊருக்கு வடக்கே, தோர்ப்னெஸ் போகும் வழியில், கூழாங்கற் கரையில் ஒரு பெரிய சிப்பி நிற்கிறது. துருப்பிடிக்காத உருக்கு, அதாவது நம் சமையலறை எவர்சில்வர்தான். நான்கு மீற்றர் உயரம். உடைந்த இரண்டு சிப்பிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்பதுபோல் இருக்கும். பிள்ளைகள் கண்டதும் ஓடினார்கள். பின்னாலேயே பெரியவர்களின் சத்தமும் ஓடியது: "ஏறாதே! தொடாதே! பார்த்தால் போதும்!"

அதில் என் சத்தமும் ஒன்று. வார்டில் வேலை செய்கிறவளுக்கு விழுந்து கை முறிந்த பிள்ளைகள்தான் முதலில் ஞாபகம் வரும். பிறகு யோசித்தேன். நான் சொன்னது பிழை.

இதை உருவாக்கியவர் சஃபோக்கிலேயே பிறந்த மேகி ஹாம்ப்ளிங். 2003இல் திறந்து வைத்தார்கள். இந்தக் கரையில் பிற்பகல்களில் நடந்து திரிந்த இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக வைத்தது. (பிரிட்டன் இங்கே நாடல்ல, ஆள்!) நோவாவின் கதையைப் பிள்ளைகள் பாடி நடிக்கும் இசைநாடகமாக்கி, 1958இல் பக்கத்திலுள்ள ஓர்ஃபோர்ட் ஆலயத்தில் அரங்கேற்றியவரும் இவர்தான். அவருடைய 'பீட்டர் கிரைம்ஸ்' என்ற மீனவர் கதையிலிருந்து ஒரு வரியைச் சிப்பியின் விளிம்பில் துளைத்து எழுதியிருக்கிறார்கள். மை கிடையாது. எழுத்துக்குள் தெரிவது வானம்தான். நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் அது சாம்பலாகி, வெள்ளையாகி, நீலமானது.

ஊரில் பலருக்கு இது பிடிக்கவில்லை. வெறுங்கரையின் அழகு கெட்டது, வேறெங்காவது மாற்றுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். பலமுறை பெயின்றும் ஊற்றியிருக்கிறார்கள். பெயின்ற் ஊற்றுவதை ஒரு கருத்தாக நான் எடுக்கமாட்டேன். மனுக் கொடுத்தவர்களின் வருத்தம் விளங்குகிறது. ஒன்றுமில்லாத கரையும் ஊருக்கு ஒரு சொத்துத்தானே. ஆனாலும் நான் அவர்கள் பக்கம் இல்லை. அந்த வானமும் உப்புக்காற்றும் இல்லாத இடத்தில் இதை வைத்தால் மிஞ்சுவது தகரம் மட்டுமே.

உட்கார்ந்து, தொட்டு, தடவிப் பார்க்கத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். நம் சபையின் அம்மம்மா ஒருவர் காற்றுக்கு ஒதுங்கி அதன் மடிப்பில் இருந்து, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தார். யாரும் அவரை எழும்பச் சொல்லவில்லை. பிள்ளைகளை மட்டும் ஏன் இறக்கினோம்?

அடுத்த முறை போகும் பெற்றோரே, சப்பாத்து ஈரமா என்று மட்டும் பாருங்கள், உருக்கு வழுக்கும். மற்றபடி ஏறட்டும். கீழே நான் நிற்கிறேன்.