ஆலிம்சாவிடம் ஒரு கேள்வி

அஸர் தொழுகைக்குப் பின் ஓத வரும் நம் அக்காள்மடத்துப் பிள்ளைகள், கிதாபைத் திறக்கும் முன் பேசுவது பெரும்பாலும் சினிமாவைப் பற்றியே. எந்தப் படம் நன்று, எந்தப் பாட்டு சுமார் என்று தீர்ப்பளிப்பதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. அதட்டி வாயடைப்பது எளிது; பல்லாண்டுகள் நாமும் அதைத்தான் செய்துவந்தோம்.

"நாகூர் ஹனிபா மட்டும் சினிமாவுல பாடலாமா, ஆலிம்சா?" என்றான் ஒருவன்.

1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து 2015இல் மறைந்த இசைமுரசு, நம் மாவட்டத்தின் பிள்ளை. 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து பாடியவர். 'செம்பருத்தி'யிலும் 'ராமன் அப்துல்லா'விலும் அவர் குரல் உண்டு. அந்தக் குரல் கேளாத கல்யாண வீடு நம் பகுதியில் அரிது. பிள்ளைகளின் சினிமாப் பாட்டைக் கண்டிக்கும் பெரியவர்கள், ஹனிபாவின் பாட்டில் ஒலிக்கும் வாத்தியத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்த இரட்டை நாவைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள் என்பதே நம் கவலை.

ஆகவே மறைக்காமல் சொன்னோம். இசைக்கருவிகள் கூடா என்பதே நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலான உலமாக்களின் கூற்று. இப்னு ஹஸ்ம் அதற்கு மாறுபட்டார். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் நிபந்தனைகளுடன் ஓரளவு இடமளித்தார். நாம் பெரும்பான்மைக் கூற்றையே பின்பற்றுகிறோம் என்றோம்.

"அப்ப உங்க போன் அடிச்சா வர்ற பாட்டு?"

வகுப்பே சிரித்தது. அன்றிரவே அழைப்பொலியை மாற்றிவிட்டோம். ஆயினும், கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பீரக் குரலையே செவி எதிர்பார்க்கிறது.