குறை மனசிலா, மடியிலா?

ராஜபாளையத்தில் நூற்பாலைகள் இருக்கின்றன. பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அரை மணி நேர பஸ் தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறியும் பால்கோவாவும். ஆனாலும் இந்தப் பகுதியில் வேலை தேடி அலையும் இளைஞர்கள் குறையவில்லை. இவர்களிடம் இல்லாதது என்ன? தன்னம்பிக்கையா?

கிராமத்து ஏழை இளைஞர்களுக்காக மத்திய அரசு 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில், தொழிற்பயிற்சியோடு சாஃப்ட் ஸ்கில்ஸும் உண்டு. நல்லதுதான். வீட்டிலேயே முதன்முதலாகப் படித்து இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைக்கு அது தைரியம் தரும். ஆனால், "வேலை கிடைக்கவில்லை என்றால் உன் மனப்பான்மைதான் சரியில்லை" என்று பேச்சு திரும்பும்போதுதான் சிக்கல்.

பிரிட்டனில் அது எதுவரை போனது தெரியுமா? வேலையில்லாதவர்கள் ஆன்லைனில் ஓர் உளவியல் தேர்வு எழுதவேண்டும், எழுதாவிட்டால் உதவித்தொகை போகலாம் என்று மிரட்டப்பட்டார்கள். எந்தப் பதிலைத் தட்டினாலும் ஏறக்குறைய ஒரே முடிவுதான் வருகிறது என்பது 2013-ல் அம்பலமானது!

அதே 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னோர் உளவியல் ஆய்வு நம் ஊர்ப்பக்கம் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்தார்கள். அறுவடைக்கு முன், கை காய்ந்திருந்தபோது மதிப்பெண் குறைவு. அறுவடை முடிந்து பணம் வந்தபின் அதே ஆட்களுக்கு மதிப்பெண் கூடியது. ஆள் மாறவில்லை, மடி மாறியது. அப்படியானால் வைத்தியம் எங்கே தொடங்கவேண்டும்?

2021 மே மாதம் தமிழக அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டை எடுத்துவிட்டது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. யாருடைய மனப்பான்மையையும் யாரும் சோதிக்கவில்லை. வழியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

வசதியான வீட்டுப் பையன் மூன்று முறை தோற்றாலும் அவனுக்கு யாரும் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதில்லை. அவனுக்கு அப்பாவின் கடை இருக்கிறது, சிபாரிசு செய்ய மாமா இருக்கிறார். ஏழைக்கு மட்டும் ஏன் மனசைக் கிளறிப் பார்க்கவேண்டும்?

பயிற்சி வேண்டாம் என்பதல்ல வாதம். விரும்பி வருகிறவருக்குக் கொடுக்கட்டும், உதவி பெறுவதற்கான நிபந்தனையாக அது ஆகக்கூடாது. கட்டுப்படியாகும் கூலியும், போய்வர பஸ்ஸும், பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஓர் இடமும் முதலில் வரட்டும். தன்னம்பிக்கையில் பாதி தானாகவே வந்துவிடும்.