கடன் கைமாறினால் கடனாளிக்கு யார் சொல்வது?

மருதமுனை நெசவு வியாபாரி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “தம்பி, நூல் தந்தவர் கடனை வேற கம்பனிக்குக் குடுத்திட்டாராம். இனி நான் ஆருக்குக் காசு கட்டுற?” அவர் கையில் ஓர் ஆங்கிலக் கடிதம். நூல் கொடுத்தவரின் கையொப்பம் அதில் இல்லை.

கல்முனைக் கரையோர வியாபாரத்தில் பெரும்பகுதி கடனில்தான் ஓடுகிறது. நூல் கடனுக்கு வரும். சாறனும் சாரியும் விற்ற பிறகுதான் காசு போகும். பல இடங்களில் ஒரு கொப்பிதான் சாட்சி. போர்க்கால இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் அந்தக் கொப்பிகளையே இழந்த சமூகங்கள் இங்கே தமிழரிலும் உண்டு, முஸ்லிம்களிலும் உண்டு. ஆதாரம் இல்லாதவர் ஒரே கடனை இரண்டு தடவை கட்ட நேரலாம்.

இலங்கையில் இதற்கு அடிப்படை ரோமன்-ஒல்லாந்துச் சட்டம். கடனாளியின் சம்மதம் இல்லாமலே கடன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம். ஆனால் அது தெரியாமல் பழையவருக்கே நல்லெண்ணத்துடன் கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது. புதியவர் மறுபடி கேட்க முடியாது. நூல் பழுது, நிறை குறைவு என்று பழையவரிடம் சொல்லக்கூடிய நியாயங்களைப் புதியவரிடமும் சொல்லலாம்.

காசோலையின் கதை வேறு. பின்திகதியிட்ட காசோலையைப் பெற்றவர் அதைப் பின்புறம் ஒப்பமிட்டு இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அவர் பெறுமதி கொடுத்து, குறை எதுவும் அறியாமல் வாங்கியிருந்தால், 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச்சட்டம் அவர் பக்கம் நிற்கும். அறிவித்தல் தேவையில்லை, நூல் பழுது என்ற நியாயமும் அவரிடம் எடுபடாது. குறுக்குக் கோடிட்டு ‘நொட் நெகோஷியபிள்’ என்று எழுதிக் கொடுப்பது இதனால்தான் பாதுகாப்பு.

காலமும் முக்கியம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி கடைக்கணக்குக் கடனுக்கு ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும்; எழுத்து உடன்படிக்கைக்கு ஆறு வருடம். புதியவர் நீட்டும் ‘கடனை ஏற்கிறேன்’ என்ற தாளில் ஒப்பமிட்டாலோ, சிறுதொகை கட்டினாலோ அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கலாம். கடனைத் தட்டிக்கழிக்க வழி சொல்லவில்லை. அமானிதம் உரியவரிடம் சேர வேண்டும் என்பதே பேச்சு.

இந்தியாவின் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம் இதைத் தெளிவாக எழுதிவைத்துள்ளது. அறிவித்தல் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையை மாற்றியவரோ அவரது முகவரோ ஒப்பமிட வேண்டும். அவர் மறுத்தால் மட்டுமே புதியவர் ஒப்பமிடலாம். புதியவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். எங்களுக்கும் இப்படியொரு விதி தேவை. அந்த அறிவித்தல் கடனாளிக்கு விளங்கும் மொழியில் வர வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

அதுவரை, இப்படிக் கடிதம் வந்தால் அவசரப்பட்டு எவருக்கும் கட்ட வேண்டாம். கடிதம் கிடைத்த பின் பழையவருக்குக் கட்டுவதும் ஆபத்தே. பழையவரிடம் எழுத்துமூல உறுதி கேட்டுப் பதிவுத்தபால் அனுப்புங்கள், பிரதியை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் சட்டத்தரணியையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ நாடுங்கள். எவருக்குக் கட்டினாலும் பற்றுச்சீட்டு வாங்காமல் காசைக் கைவிடாதீர்கள்.